உருக்கு போனது, கலர் நின்றது

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிரை விடும் அயர்ன்-ப்ரூ என்ற ஆரஞ்சு நிறக் குளிர்பானத்தைக் குடித்துப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் ஒரு கேனை அவர் கையில் சேர்த்தார். ஒரு வாய் குடித்ததும் ஒகாசியோ-கோர்டெஸுக்கு நினைவுக்கு வந்தது லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் குடிக்கும் 'கோலா சாம்பேன்'. அதே ருசி என்று இணையத்தில் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு ஸ்காட்லாந்தில் பலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அயர்ன்-ப்ரூவின் ருசி எதைப் போலவும் இல்லை என்பது அவர்களுடைய பால பாடம். ஆரஞ்சா என்றால் இல்லை, வனிலாவா என்றால் அதுவும் இல்லை, பபுள்கம்மா என்றால் கோபம் வரும். 'அயர்ன்-ப்ரூ ருசி' என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. என் கணிப்பில் அந்த அமெரிக்கப் பெண்மணி சரியாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி என்றால், உலகில் வேறெங்கும் இல்லாதது என்று ஒரு நாடு கொண்டாடும் பொருள் அந்த மண்ணில் முளைத்ததே இல்லை என்று ஆகிறது. முளைக்காத ஒன்று எப்படி அந்த மண்ணின் அடையாளமாக நின்றது என்பதுதான் கேள்வி.

வரலாறு ஃபால்கிர்க் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே பார் குடும்பத்தின் தொழில், பாட்டில்களுக்குக் கார்க் வெட்டிக்கொடுப்பது. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், கோலி வைத்து அடைக்கும் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்க் கோலி சோடாவின் மூதாதை அதுதான். புதுப்புது மூடிகள் வர வர, கார்க்குக்கு இருந்த மவுசு குறையத் தொடங்கியது. 1875இல் ராபர்ட் பார், மூடியை விட்டுவிட்டு உள்ளே ஊற்றும் சரக்கையே தயாரிக்க ஆரம்பித்தார். அவர் மகன் 1880களின் இறுதியில் கிளாஸ்கோவின் கிழக்கே பார்க்ஹெட்டில் இன்னொரு தொழிற்சாலை போட்டார். இன்னொரு மகனான ஆண்ட்ரூ கிரெய்க் பாரின் பெயரைத்தான் 'ஏ.ஜி. பார்' நிறுவனம் இன்றும் சுமக்கிறது.

1901இல் அவர்கள் 'அயர்ன் ப்ரூ' என்று ஒரு பானத்தை விற்கத் தொடங்கினார்கள். இரும்பு வடிநீர் என்று பொருள்படும் அந்தப் பெயரும் சரக்கும் பார் குடும்பத்தின் கண்டுபிடிப்பு இல்லை. 1889வாக்கிலேயே நியூயார்க்கின் மாஸ் அண்ட் வால்ட்ஸ்டைன் என்ற ரசாயன நிறுவனம் அதே பெயரில் ஒரு பானத்தை விற்றுவந்தது. கியூபாவில் 'அயர்ன்பீர்' என்ற ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பிரிட்டனிலும் ஊருக்கு ஊர் சோடா கம்பெனிக்காரர்கள் தங்கள் தங்கள் அயர்ன் ப்ரூவை விற்றார்கள். எசன்ஸ் வியாபாரிகளிடமிருந்து வாசனைச் சாறு வாங்கி, சர்க்கரைப் பாகில் கலந்து, காற்றேற்றி பாட்டிலில் அடைப்பதுதான் அன்றைய கலர்க் கம்பெனிகளின் தொழில் முறை. நன்னாரியும் பன்னீரும் போல அயர்ன் ப்ரூ ஒரு வகையின் பெயர், யாருடைய சொத்தும் இல்லை. ஆக, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒரே குடும்பத்துச் சாறுகள் சுற்றிவந்த காலத்தின் பிள்ளைதான் இது. கோலா சாம்பேனின் சாயல் தெரிந்ததில் அதிசயம் என்ன இருக்கிறது?

இரும்பு ஏன்? ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மருந்தாகக் கொடுக்கப்பட்ட காலம் அது. சோடா பானங்களும் பாதி மருந்தாகவே விற்கப்பட்டன. உருக்காலைகளும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த கிளாஸ்கோவில் தொழிலாளிகளின் தாகத்துக்குப் பீர்தான் வழக்கம். மதுவிலக்குச் சங்கங்கள் அதற்கு மாற்றாக வலுவூட்டும் பானங்களைப் பரப்பின. 1913ஆம் ஆண்டின் சட்டம் உள்ளூர் வாக்கெடுப்பின் மூலம் மதுக்கடைகளை மூட வழிசெய்தது. அப்படி 1920களின் தொடக்கத்தில் மூடிய கிர்கின்டிலாக் என்ற ஊரில் 1960களின் கடைசிவரை மதுக்கடையே கிடையாது. பார் கம்பெனியின் பழைய லேபிளில் ஒரு பயில்வான் நின்றுகொண்டிருப்பார். இன்றைய பாட்டிலிலும் இரும்பு உண்டு. அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், 0.002 சதவீதம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு, அதிலும் உண்மையான இரும்பு ஐந்தில் ஒரு பங்குதான். பேச்சுக்குப் போதும், உடம்புக்குக் காணாது. மதுவுக்கு மாற்றாக வந்த பானம் இன்று சனிக்கிழமை இரவுக் குடிக்கு ஞாயிறு காலை மருந்தாகப் புகழ்பெற்றிருப்பதை மதுவிலக்குக்காரர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இந்தப் பொதுச் சொத்தை ஒரு கம்பெனியின் தனிச்சொத்தாக மாற்றியது இரண்டாம் உலகப் போர். சர்க்கரைக்கும் லாரிகளுக்கும் ஆட்களுக்கும் தட்டுப்பாடு வந்ததால், 1943 முதல் பிரிட்டனின் குளிர்பானத் தொழில் முழுவதும் அரசின் ஏற்பாட்டில் ஒரே சங்கத்தின் கீழ் வந்தது. வணிகப் பெயர்கள் எல்லாம் மறைந்தன. அனுமதிக்கப்பட்ட சில வகைகளை மட்டும் ஒரே மாதிரி லேபிளோடு விற்க வேண்டும். அந்தப் பட்டியலில் அயர்ன் ப்ரூ இல்லை. ஐந்து ஆண்டுகள் அது கடைகளிலேயே இல்லை.

பானம் இல்லாத நாளிலும் பேரை மக்கள் மறக்காதபடி பார் கம்பெனி பார்த்துக்கொண்டது. அதற்கிடையே இன்னொரு சிக்கல். உணவுப் பொருள்களின் லேபிளில் மெய்யல்லாத விவரம் இருக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு. 'ப்ரூ' என்றால் ஊறவைத்து நொதிக்கவைத்து வடித்தது என்று அர்த்தம். இந்தச் சரக்கை யாரும் அப்படி வடிக்கவில்லை. கம்பெனி ஒரு வேலை செய்தது. வாயால் சொல்லும்போது மாற்றமே தெரியாது, ஆனால் எழுத்தில் சில எழுத்துகளை உதறி, அகராதியில் இல்லாத ஒரு புதுச் சொல்லாக்கி, 1946இல் பதிவுசெய்துவிட்டது. அகராதியில் இல்லாத சொல் பொய் சொல்லாது அல்லவா! சட்டத்துக்குப் பயந்து செய்த இந்த வேலை எதிர்பாராத வரத்தைத் தந்தது. 'அயர்ன் ப்ரூ'வை யார் வேண்டுமானாலும் விற்கலாம். புது எழுத்துக்கோப்பை பார் கம்பெனி மட்டுமே விற்க முடியும். 1948இல் கட்டுப்பாடு விலகியபோது, வடிவம் மாறிய பெயரோடு பானம் கடைக்குத் திரும்பியது. எழுத்தைக் கடித்துத் துப்பிய அந்தத் தோற்றம், ஸ்காட்டிஷ் பேச்சை உள்ளபடியே எழுதியது போலவும் தெரிந்தது. பிற்காலத்தில் 'இது எங்கள் வாய்மொழி' என்று மக்கள் உரிமை கொண்டாட அதுவும் ஒரு காரணம்.

போர்க்காலத்தில் பெயரை உயிரோடு வைத்திருந்தது ஒரு படக்கதை விளம்பரம். 1930களின் இறுதியில் தொடங்கி 1970வரை செய்தித்தாள்களில் வந்தது. அதில் வரும் இரண்டு சிறுவர்களில் சாண்டி, கில்ட் உடுத்திய ஸ்காட்டிஷ் பையன். மற்றவன் தலைப்பாகை கட்டிய இந்தியப் பையன் 'பா-ப்ரூ'. இவனுக்கு மாதிரி யார் என்று பார்த்தால் நமக்குப் பழக்கமான பெயர் வருகிறது. மைசூர் அருகே காராப்பூரில் மாவுத்தரின் மகனாகப் பிறந்து, திரைப்பட இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் கண்ணில் பட்டு, 1937இல் வந்த 'எலிஃபன்ட் பாய்' படத்தால் உலகப் புகழ் பெற்ற சாபு. கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பா-ப்ரூவின் நியான் விளம்பரம் பல ஆண்டுகள் ஒளிர்ந்தது. அந்த ஊருக்கு வேலைக்கு வந்துபோன எத்தனையோ பேருக்கு ஊரின் முதல் அடையாளமே அதுதான்.

இதை அந்தக் காலத்து வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கிளாஸ்கோவுக்கு அன்றைய பட்டம் 'பேரரசின் இரண்டாம் நகரம்'. அங்கே கட்டிய ரயில் எஞ்சின்கள் இந்தியத் தண்டவாளங்களில் ஓடின. வங்கத்துச் சணல் டண்டீயின் ஆலைகளில் சாக்கானது. அந்தப் பேரரசில் ஸ்காட்டியர்கள் கங்காணியாகவும் பொறியாளராகவும் சிப்பாயாகவும் பங்குபோட்டுக்கொண்டவர்கள். அவர்களுடைய 'தேசிய' பானத்தின் முகமாக ஒரு காலனி நாட்டுப் பையன் முப்பது ஆண்டுகள் இருந்திருக்கிறான். தேசிய அடையாளம் என்று பின்னால் எதை நினைவில் வைத்துக்கொள்வது, எதைக் கழற்றிவிடுவது என்பதும் அந்த அடையாளத்தின் ஒரு பகுதிதான். கழற்றிவிடப்பட்டவர்களில் பா-ப்ரூவும் ஒருவன். அவன் போன பிறகே அயர்ன்-ப்ரூ முழு ஸ்காட்டிஷ் பானமாக ஆனது.

'ஸ்காட்லாந்தின் இன்னொரு தேசிய பானம்' என்ற வாசகம் அதற்குப் பின் பரவியது. முதல் தேசிய பானம் விஸ்கி என்று சொல்லாமலே தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விஸ்கி விருந்தாளிக்குக் காட்டும் முகம். மூடுபனி, மலை, ஓடை, பழைய மரப்பீப்பாய் என்று ஏற்றுமதிக்கு ஏற்ற அலங்காரம் அதற்கு உண்டு. அதன் பெரிய பிராண்டுகள் பலவும் லண்டனிலும் பாரிஸிலும் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் கையில். அயர்ன்-ப்ரூவோ மீன்-உருளைக்கிழங்கு வறுவல் கடையிலும், கால்பந்து மைதானத்துப் படிக்கட்டிலும், பள்ளிக்கூட வாசலிலும் குடிக்கப்படுவது. எந்தக் கலரையும் 'ஜிஞ்சர்' என்று சொல்லும் கிளாஸ்கோத் தொழிலாளர் குடியிருப்புகள்தான் அதன் வீடு. சுற்றுலாப் பயணிக்குப் பிடிக்காமல் போனால் உள்ளூர்க்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். கோக்கோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்ற உள்ளூர்ப் பானங்கள் உலகில் அபூர்வம். ஸ்காட்லாந்தில் இது நீண்ட காலம் நின்றது.

1980களில் வந்த விளம்பர வாசகம்தான் எல்லாவற்றுக்கும் சிகரம்: 'ஸ்காட்லாந்தில், இரும்பு கர்டர்களிலிருந்து தயாரிக்கப்பட்டது.' துருப்பிடித்த உத்திரத்தின் நிறமும் பானத்தின் நிறமும் ஒன்றாக இருப்பதை வைத்துக் கட்டிய சிரிப்பு. கோக் விளம்பரங்களின் மினுமினுப்பான இளமைக்கு எதிரே, மிகையும் அசட்டுத் துணிச்சலும் கலந்த உள்ளூர்க் கிண்டல். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த காலம் எது என்று பார்த்தால்தான் அந்த வாசகத்தின் கனம் தெரியும்.

1979இல் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையில் தோற்றது. சில வாரங்களில் மார்கரெட் தாட்சர் பதவிக்கு வந்தார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுரங்கங்கள் மூடின, கப்பல் பட்டறைகள் சுருங்கின. கார்ட்காஷ் உருட்டாலை 1986இல் போனது. மதர்வெல்லில் ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலை 1992இல் கடைசியாக அணைந்தது, 1996இல் அதன் கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பார் கம்பெனியின் பழைய தொழிற்சாலை இருந்த பார்க்ஹெட்டில், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைசெய்த மாபெரும் உருக்குப் பட்டறை இருந்த இடத்தில், 1988இல் வணிக வளாகம் திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஃபோர்ஜ்', அதாவது உலைப்பட்டறை. அங்கே இரும்பு அடிக்கும் வேலை போனது, அயர்ன்-ப்ரூ விற்கும் வேலை இருந்தது.

ஸ்காட்லாந்து கர்டர் செய்வதை நிறுத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் கர்டரிலிருந்து செய்த பானம் என்று பெருமைப்பட்டிருக்கிறது. சட்டமன்றம் இல்லை, தொழில் இல்லை, லண்டனில் தங்களுக்குப் பிடிக்காத ஆட்சி. தங்களை யார் என்று சொல்லிக்கொள்ள அரசியலில் இடம் கிடைக்காதபோது ஒரு சமூகம் எங்கேயாவது அதைச் சொல்லிக்கொள்ளும். கால்பந்தில் சொல்லும், பாட்டில் சொல்லும், கிண்டலில் சொல்லும். கலர் பாட்டிலில் சொல்வதில் ஒரு வசதி உண்டு. கட்சி சார வேண்டாம், யாரோடும் பகை வேண்டாம், சீரியஸாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 1997 வாக்கெடுப்பில் வென்று 1999இல் சட்டமன்றம் கூடிய பிறகும், 2014இல் விடுதலை வாக்கெடுப்பு நாட்டை இரண்டாகப் பிளந்தபோதும், இரு தரப்பு வீட்டுக் குளிர்பெட்டியிலும் இருந்தது அதே பாட்டில்தான். அதன் தேசியத்துக்கு உருக்கு வேண்டியிருந்தது, கொடி வேண்டியிருக்கவில்லை.

ரகசியம் இல்லாமல் தேசிய பானம் உண்டா? முப்பத்திரண்டு வாசனைச் சாறுகள் சேர்கின்றன என்பார்கள். ராபின் பார் தலைவராக இருந்தபோது அவரே மாதந்தோறும் கம்பர்நால்ட் தொழிற்சாலையின் பூட்டிய அறைக்குள் போய் மூலச் சாற்றைக் கலப்பார். அவர் மகளையும் சேர்த்துச் சேர்மானம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான், அவர்கள் ஒரே விமானத்தில் போகக் கூடாது. எழுதிவைத்த பிரதி வங்கிப் பெட்டகத்தில். இதையெல்லாம் செய்தியாளர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு பொத்திவைத்த சேர்மானத்தை மாற்றச் சொன்னது பிரிட்டிஷ் நிதியமைச்சகம், நேராக இல்லாமல் வரி வழியாக. 2018 ஏப்ரலில், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ் என்று வரி வந்தது. அயர்ன்-ப்ரூவில் இருந்தது 10.3 கிராம். அவ்வாண்டு ஜனவரியிலேயே கம்பெனி அதை 4.7 கிராமாகக் குறைத்து, மீதி இனிப்புக்குச் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தது. ஒரு கேனில் எட்டரைத் தேக்கரண்டி சர்க்கரை நாலு கரண்டியானது. 'எங்கள் அயர்ன்-ப்ரூ மேல் கை வைக்காதே' என்று கையெழுத்து இயக்கம் கிளம்பியது. பழைய சரக்கைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள், இணையத்தில் கூடுதல் விலைக்கும் விற்றார்கள்.

சொத்தைப் பல்லுக்கும் உடல் பருமனுக்கும் நெடுங்காலமாகப் பேர்போன நாடு ஸ்காட்லாந்து. வரியை அங்குள்ள மருத்துவர்கள் வரவேற்றார்கள். அந்தப் பதற்றத்தைச் சர்க்கரைப் பித்து என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இதே மக்கள்தான், நிறமூட்டிகளான சன்செட் யெல்லோவும் பான்சோ 4ஆரும் குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை 2010 முதல் லேபிளில் அச்சிடப்பட்டபோது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எச்சரிக்கை ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும், நிறம் மாறாதவரை. சேர்மானம் தங்கள் பொதுச் சொத்து என்ற எண்ணம்தான் 2018இல் புண்பட்டது. கம்பெனி விடுமா? 2019 டிசம்பரில் ஆவணப் பெட்டியிலிருந்து கையெழுத்துக் குறிப்பேட்டை எடுத்து, இனிப்பூட்டி இல்லாமல் முழுச் சர்க்கரையோடு 'அயர்ன்-ப்ரூ 1901' என்று கண்ணாடி பாட்டிலில் விற்றது. பறித்ததைப் பாரம்பரியம் என்று பேர்சூட்டி, கூடுதல் விலைக்குத் திருப்பிக் கொடுத்த சாமர்த்தியம் இது. அதே 2018இல் டர்ன்பெரியிலுள்ள டொனால்டு டிரம்ப்பின் விடுதி, கம்பளத்தில் கறை போகவில்லை என்று அயர்ன்-ப்ரூவுக்குத் தடைபோட்டது. விளம்பரச் செலவில்லாமல் கம்பெனிக்குக் கிடைத்த பரிசு அது.

இன்றைய ஏ.ஜி. பார், லண்டன் பங்குச் சந்தையில் 1965 முதல் இருக்கும் நிறுவனம். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. லண்டன் தமிழர் வீட்டு விசேஷங்களில் கைக்குக் கை மாறும் மாம்பழ 'ரூபிகான்' 2008இலிருந்து இந்தக் கம்பெனியுடையதுதான். பா-ப்ரூவைச் சுவரிலிருந்து இறக்கியவர்கள் தெற்காசியர்களின் தாகத்தைக் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

கடைசியாகக் காலி பாட்டில் விஷயம். கண்ணாடி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டை இந்தக் கம்பெனி நூறாண்டுக்கும் மேலாக நடத்திவந்தது. கிளாஸ்கோப் பிள்ளைகள் அதைக் 'கிளெஸ் செக்' என்றார்கள். தெருத்தெருவாகப் பாட்டில் பொறுக்கி மிட்டாய்க்குக் காசு சேர்த்த தலைமுறைகள் உண்டு. கடைசியில் அது ஒரு பாட்டிலுக்கு 30 பென்ஸ். கடைகளில் வைக்க இடமில்லை, திரும்பி வரும் பாட்டில்கள் பாதியாகிவிட்டன என்று சொல்லி, 2015 டிசம்பர் 31உடன் கம்பெனி நிறுத்திக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்து அரசு அதே முறையை நாடு முழுவதற்கும் சட்டமாகக் கொண்டுவரப் பார்த்தது. கண்ணாடியைச் சேர்க்கக் கூடாது என்று லண்டன் அரசு, பிரிட்டனின் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தைக் காட்டி நிபந்தனை போட்டது. 2023 ஜூனில் திட்டம் தள்ளிப்போனது, நடத்துவதற்காக அமைத்த நிறுவனமும் திவாலானது. இப்போது 2027 அக்டோபர் என்று நாள் குறித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும் முன்பணம் உண்டு. 1901 சேர்மானம் அடைத்துவரும் கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதிலும் ஒரு பென்னி கிடைக்காது.